சிவப்புச் சுளை ஆரஞ்சும் பஞ்சுச் சோதனையும்: ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பழக்கடைகளில் சுளை சிவந்த ஆரஞ்சு தலைகாட்டத் தொடங்கியதிலிருந்து, சாய ஊசி போட்ட பழமென்று ஒதுக்குவோரையும், ரத்தம் ஊறுமென்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவோரையும் ஒரே கடை வாசலில் காண முடிகிறது. இரண்டும் தவறென்று தங்கள் துறை சொன்னால்தான் மக்கள் நம்புவார்கள்.

இப்பழத்தில் இரு வகை உண்டு. 1976-இல் வெனிசுலாவில் கண்டறியப்பட்ட காரா காரா ஆரஞ்சு சீரான இளஞ்சிவப்பாக இருக்கக் காரணம் லைக்கோபீன் என்னும் இயற்கை நிறமி. நாம் யோசிக்காமல் வாங்கித் தின்னும் சிவப்புக் கொய்யாவில் இருப்பதும் அதுவே. சிசிலியில் பேர்பெற்ற மோரோ, தரோக்கோ வகைகளின் கருஞ்சிவப்போ ஆந்தோசயனின் என்னும் வேறோர் இயற்கை நிறமி தருவது. இரவுக் குளிர் இருந்தால்தான் அந்த நிறம் நன்றாகப் பிடிக்கும். பிடிக்கும்போதும் ஒரு சுளை கறுத்தும் அடுத்த சுளை மஞ்சளில் சிவப்புக் கீற்றோடும் இருக்கும். ஊசி இறங்கிய இடமென்று விரல் வைத்துக் காட்டுவது இந்தக் கீற்றைத்தான்.

2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற வதந்தி விவசாயிகளை நட்டத்தில் தள்ளியபோது, சுளையைப் பஞ்சால் துடைத்து, பஞ்சு சிவந்தால் சாயம் என்று முடிவு கட்டும் பஞ்சுச் சோதனை பரவியது. அதை இப்போது இதிலும் செய்கிறார்கள். லைக்கோபீன் தண்ணீரில் கரையாது, ஆந்தோசயனின் கரையும். ஆகவே கலப்படமே இல்லாத மோரோ சுளையைத் துடைத்தாலும் பஞ்சு சிவக்கும். தண்ணீரில் போட்டால் தண்ணீரும் சிவக்கும்.

சத்திலும் பெரிய வேறுபாடில்லை. எந்த ஆரஞ்சிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. இரும்புச் சத்து மிகச் சொற்பம். முருங்கைக்கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் ஈர்க்க அந்த வைட்டமின் உதவும், ஆனால் அதைச் சாதாரண ஆரஞ்சும் செய்யும். சிவப்பு நிறமிகள் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் என்பது மெய்தான். பழத்தை மருந்தாக விற்க அது போதாது. (செந்துளுவன் எனும் செவ்வாழைக்குக் கூடுதல் விலை கொடுத்தே பழகிய நமக்குச் சிவப்பின் மேல் ஒரு மயக்கம் உண்டு.)

எனவே, பஞ்சின் நிறத்தை நம்பிப் பழத்தைக் குப்பையில் கொட்டாமல், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வந்த பின்னரே அறிவிக்குமாறும், வகையையும் விளைந்த நாட்டையும் விலைப்பலகையில் எழுதவும் ‘ரத்த விருத்தி’ அட்டைகளை அகற்றவும் கடைக்காரர்களை அறிவுறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்குபவரும் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வு செய்துகொள்ள வழி தருகிறது. அதற்கு எங்கே, யாரை அணுகுவது என்பதை வடசேரி, மார்த்தாண்டம் சந்தைகளின் வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழம் வாங்கும் ஒருவர்,
நாகர்கோவில்