பிடியைப் பற்றிய விவாதத்தில் விரலை மறந்துவிட்டோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைத்துப்பாக்கிப் பயிற்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி இந்த இதழில் வந்திருக்கும் இரண்டு கடிதங்களையும் படித்தேன். ஒருவர், ஒரு கை தள்ள மறு கை இழுக்கும் வீவர் நிலைதான் சரி என்கிறார். இன்னொருவர், இரு கைகளையும் நேராக நீட்டி நிற்கும் ஐசோசெலிஸ் நிலையைத் தவிர வேறெதுவும் இந்தக் காலத்துக்கு உதவாது என்கிறார். இருவரும் பல வருடம் சுட்டவர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் இரண்டு கடிதங்களிலும் சுட்டுவிரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

எப்படி நிற்பது என்ற கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. 1950களின் கடைசியில் ஜாக் வீவர் என்ற கலிஃபோர்னியா போலீஸ்காரர் இரு கைகளாலும் பிடித்து, சுடும் கையால் தள்ளி, துணைக்கையால் இழுத்துச் சுட்டுப் போட்டிகளில் ஜெயித்தார். 1980களில் பிரையன் ஈனோஸ், ராப் லேதம் என்ற அமெரிக்க வீரர்கள் ஐசோசெலிஸ் நிலையில் நின்று ஜெயித்தார்கள். ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளிலோ ஒரு கையால்தான் சுட வேண்டும். 2024 பாரிஸில் வெள்ளி வாங்கிய துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் இன்னொரு கையைப் பாக்கெட்டில் விட்டிருந்ததை உலகமே வியந்து பேசியது. பிஸ்டல் சுடுபவர்களுக்கு அது புதிதல்ல. சும்மா இருக்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும், அதனால் அதை எங்காவது அடக்கி வைப்பார்கள். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

ஹங்கேரியின் காரோலி தகாச்சை நினைத்துப் பாருங்கள். 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கை பாழானது. இடது கையால் சுடக் கற்றுக்கொண்டு 1948இலும் 1952இலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். பிடி, நிலை, தோள் எல்லாமே அவருக்குத் தலைகீழாக மாறிப்போயின. மாறாமல் கூட வந்தது, டிரிகரை அழுத்தும்போது குறி பார்க்கும் சைட்டைக் கலைக்காத அந்தப் பொறுமைதான் என்று நான் நம்புகிறேன்.

இதை ஒரு சின்னக் கணக்கால் காட்டிவிடலாம். காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கை முழுவதும் ஒரே சீராக 1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ.தான் விலகும், அது பத்தாகவே இருக்கும். ஆனால் டிரிகரை வெடுக்கென்று இழுத்ததில் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. சாய்ந்தால், இலக்கில் அது ஏறக்குறைய 30 மி.மீ. ஆகிவிடும். பத்தாக வேண்டியது ஏழாகப் போகும். கை நடுங்குகிறதே என்று கவலைப்படுகிற புதியவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கை எல்லோருக்கும்தான் ஆடும். பத்தை ஏழாக்குவது கடைசி நொடியில் விரல் செய்கிற வேலை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வலது கைக்காரனான எனக்கு இரண்டு வருடமாகக் குண்டுகள் இடப்பக்கம் கீழேயே போய்க்கொண்டிருந்தன. பிடியை மாற்றினேன், காலை மாற்றினேன், சைட்டைத் திருகினேன். ஒரு நாளைக்கு நூறு தோட்டா என்று சுட்டுத் தள்ளினேன். ஒரு நாள் கோச், தோட்டாக்களை அடுக்கும் என் மேகசினை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத சில டம்மித் தோட்டாக்களையும் கலந்து நிரப்பிக் கொடுத்தார். முதல் இரண்டு வெடித்தன. மூன்றாவதில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். ஆனால் குழல்முனை ஒரு விரற்கடை கீழே குத்தியது. வெடிக்கவே வெடிக்காத தோட்டாவின் உதைக்கு என் மணிக்கட்டு முன்கூட்டியே எதிர் அடி அடித்திருக்கிறது. கோச் ஒன்றும் பேசவில்லை. மேகசினை மறுபடியும் வாங்கி நிரப்பினார். இரண்டு வருடம் நான் பயிற்சி செய்தது அந்தக் குத்தலைத்தான் என்று அன்று புரிந்தது.

அப்புறம் ஒரு மாதம் தோட்டாவையே தொடவிடவில்லை. முன் சைட்டின் மேல் சுட்டுத் தீர்ந்த ஒரு காலித் தோட்டாவை நிறுத்துவார். அது விழாமல் டிரிகரை அழுத்த வேண்டும். முதல் நாள் பத்துக்கு எட்டு முறை விழுந்தது. இதற்குச் செலவே இல்லை. அதனால்தானோ என்னவோ, இதற்கு மதிப்பும் இல்லை. “இன்று எத்தனை சுட்டாய்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏர் பிஸ்டல் போட்டியில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், அதாவது ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம். அதற்குத் தயாராகிறவர் இருபது நிமிடத்தில் நூறு குண்டுகளைக் காலி செய்து என்ன பழகுகிறார்?

கட்டுரையாளர், இப்படித் தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகும் டிரை ஃபயர் பயிற்சி ஆபத்தானது, வீட்டில் வேண்டாம் என்கிறார். அவர் பயம் நியாயமானதுதான், ஆனால் கைவிடுவது தீர்வல்ல. தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். குண்டு பாய்ந்தாலும் யாருக்கும் ஆபத்தில்லாத திசையை நோக்கித்தான் நிற்க வேண்டும். முக்கியமாக, முடித்த பிறகு முடித்ததுதான். தோட்டாவை நிரப்பிவிட்டு “கடைசியாக ஒரே ஒரு தடவை” என்று கையில் எடுக்கும் அந்த நொடிதான் பயங்கரம். .22 பிஸ்டல்கள் பலவற்றில் தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்தினால், தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசி சேம்பரின் விளிம்பில் மோதிக் கெட்டுவிடும், அதனால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. நல்ல போட்டி ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.

ஹோல்ஸ்டர் என்ற இடுப்புறையிலிருந்து எடுத்துச் சுடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எடுப்பதில்தான் வேகம் வேண்டும். திரும்ப வைப்பதில் எதற்கு அந்த அவசரம்? விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே வந்து பிஸ்டலின் உடல்சட்டத்தின் மேல் நீட்டி நிற்கிறதா, சட்டை நுனி உள்ளே மாட்டியிருக்கிறதா என்று பார்த்து மெதுவாக வையுங்கள். ரேஞ்சில் ஒரு மூத்தவர் பேச்சு சுவாரசியத்தில் கையில் பிஸ்டலோடு எங்கள் பக்கம் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். விரல் வளையத்துக்குள் இருந்தது. மூத்தவர் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அன்று கத்தியிருக்க வேண்டும். “நிறுத்து” என்று சொல்ல அங்கே நிற்கும் சின்னப் பையனுக்கும் உரிமை உண்டு என்பதை முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட படத்தை இன்னொரு முறை பாருங்கள். பிஸ்டலை நெஞ்சருகே பிடித்தபடி ஒருவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். சுடவும் இல்லை, குறி பார்க்கவும் இல்லை. ஆனால் அவர் விரல் டிரிகரின் மேல் இருக்கிறது. அடுத்த இதழில் அதே மனிதரை விரலை வெளியே நீட்டி வைக்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்