ஸ்லோ குக்கர் வாங்கலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மின்சாரத்தில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் வாங்கலாமா, அது வீட்டுச் சமையலுக்கு உதவுமா என்று கேட்டிருந்தாய். வாங்கு. ஆனால் பிரஷர் குக்கருக்குப் பதிலாக அதை வாங்காதே. இங்கிருந்து நீ தூக்கிக்கொண்டு போன குக்கரை, அலமாரியில் இடம் போதவில்லை என்று யாரிடமும் கொடுத்துவிடாதே. இரண்டுக்கும் வேலை வேறு. போனில் அவசரமாகப் பேசி முடிக்கும் விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் ருசியோ சிக்கனமோ இல்லை. உன் வேலை நேரம்தான். இங்கிலாந்தில், லீட்ஸில் உன்னோடு தங்கியிருந்தபோது பார்த்தேனே. விடியும் முன் கிளம்புகிறாய். 12 மணி நேரத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வார்டில் நின்றுவிட்டு இரவில் வீடு சேர்கிறாய். மாப்பிள்ளையும் அந்த நேரத்துக்குத்தான் வருகிறார். இருவரில் யாருக்குமே வெங்காயம் உரிக்கத் தெம்பு இருப்பதில்லை. ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள். ஊரெல்லாம் நோயாளிகளுக்கு வேளாவேளைக்கு உணவு போனதா என்று பார்க்கிற பிள்ளை இப்படிச் சாப்பிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்ததும் சூடான குழம்பு இருக்க வேண்டும். அதற்கு இந்தச் சாமான் உதவும்.

இப்படி ஒரு நெருக்கடியிலிருந்துதான் இதுவும் பிறந்திருக்கிறது. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியாளர் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1940. யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத்தில் நெருப்பு மூட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் பீன்ஸும் இறைச்சியும் தானியமும் பானையில் போட்டு ரொட்டிக்கடை அடுப்பின் ஆறாத சூட்டில் வைத்துவிடுவார்கள். மறுநாள் பகலில் எடுத்துச் சாப்பிடுவார்கள். சோலன்ட் என்று பெயர். லித்துவேனியாவில் தன் குடும்பத்துப் பெண்கள் அதைச் சமைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாக்ஸன். அவருடைய நிறுவனத்தை ரைவல் என்ற நிறுவனம் 1970இல் வாங்கி, மறு ஆண்டு கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம், விற்பனை பெருகியது. உண்ணும் நேரத்தில் சமைக்க முடியாது என்பதுதான் அவர்களுக்கும் சிக்கல், உனக்கும் சிக்கல்.

நம் பக்கத்துக்கும் இது புதிதில்லை. பிரஷர் குக்கர் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் ருக்குமணி குக்கர் இருந்தது. அடியில் கரித் தணல், மேலே அடுக்கடுக்காகப் பாத்திரங்கள். சோறும் பருப்பும் காயும் ஆவியில் தாமே வெந்துகொண்டிருக்கும். உன் ஆச்சி அதை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகக் கோவிலுக்குப் போய் வருவார்.

இப்போது அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். மனையியல் பாடம் நடத்திய பழக்கம், விளக்காமல் விட மனம் வராது. பீங்கான் பானையைச் சுற்றி மின்கம்பிச் சுருள். லோ, ஹை என்று இரண்டு நிலை. லோ என்றால் குறைந்த சூட்டிலேயே நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும். ஹையில் சீக்கிரம் சேரும், லோவில் மெதுவாகச் சேரும், அவ்வளவுதான். ஹையில் 4 மணி நேரத்தில் ஆகும் கறி, லோவில் 7, 8 மணி நேரம் எடுக்கும். பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறும்போது சூடு 120 டிகிரி வரை போகிறது. அதனால்தான் அது அரை மணியில் முடிக்கும் வேலைக்கு இதற்கு ஒரு பகல் வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு பகல் யாருக்குப் பயன்படும் தெரியுமா? ஆட்டின் சப்பைக்கும் காலுக்கும் நல்லிக்கும். அதிகம் நடந்து உழைத்த பாகங்களில் சவ்வு நிறைய இருக்கும். அந்தச் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் ஈரச்சூட்டில் இருந்தால் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். குழம்பு உதட்டில் ஒட்டுகிறதே, அந்தப் பிசுக்கு அதுதான். ஆட்டுக்கால் சூப்பை இதில் வைத்துப் பார்த்தால் புரியும். பொங்கிக் குதிக்கும் கொதி இல்லாததால் சூப் கலங்காமல் தெளிவாக இறங்கும். உன் பக்கத்து வீட்டு அம்மா இரவல் கொடுத்த ஸ்லோ குக்கரில் அந்தக் குளிர்காலம் முழுக்க நான் சூப் வைத்தேன், நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை எலும்பை விடாமல் உறிஞ்சினார். மென்மையான கோழி நெஞ்சுக்கறித் துண்டை மட்டும் இதில் 8 மணி நேரம் போடாதே, சக்கையாகிவிடும். எலும்போடு கூடிய கோழித் தொடை தாங்கும்.

கொண்டைக்கடலை நன்றாக வரும். நோன்புக் கஞ்சி மிக நன்றாக வரும். நொய்யரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கொத்துக்கறி, வெந்தயம், இஞ்சி பூண்டு எல்லாம் சேர்ந்து கரைய வேண்டிய பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை.

மற்றதற்கெல்லாம் இது வேண்டாம். சோறு குழைந்துவிடும். துவரம்பருப்பு பிரஷர் குக்கரில் சில விசிலில் மலர்ந்துவிடும்போது அதற்கு எதற்கு நாள் முழுக்க மின்சாரம்? புளி சேர்த்தால் பருப்பும் உருளைக்கிழங்கும் வேகாமல் இன்னும் அடம்பிடிக்கும். மீன் உடைந்து கரைந்துவிடும். வத்தக்குழம்பை நினைத்தே பார்க்காதே. அது சுண்டி எண்ணெய் பிரிந்து வர வேண்டியது. இந்தப் பானையில் ஆவி மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே சொட்டுகிறது. எவ்வளவு நேரம் வைத்தாலும் குழம்பு சுண்டாது, நீர்த்துத்தான் கிடக்கும். அதனால் கறிக்கும் நீ வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் பாதி போதும்.

அங்குள்ள சமையல் குறிப்புகளில் எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டி மூடிவிட்டுப் போகச் சொல்வார்கள். நம் குழம்புக்கு அது ஆகாது. வெங்காயம் சிவப்பதற்குக் கொதிக்கும் நீரைவிட மிக அதிகமான சூடு வேண்டும். இந்தப் பானைக்குள் அது ஒருபோதும் வராது. இஞ்சி பூண்டின் பச்சை வாசனையும் மல்லித்தூளின் பச்சை வாசனையும் மாலைவரை அப்படியே நிற்கும். வாணலியில் தாளித்து, வெங்காயம் சுருள வதக்கி, தக்காளி கரைந்து, மசாலா எண்ணெயில் வதங்கிய பிறகுதான் பானைக்குப் போக வேண்டும். இந்தக் கால் மணி நேர வேலையை எந்தச் சாமானும் உனக்காகச் செய்யாது. விடுமுறை நாளில் மசாலாவை மொத்தமாக வதக்கி, டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொள். வேலைக்குப் போகும் அன்று காலையில் ஒரு டப்பா மசாலாவை வெந்நீரோடு வாணலியில் சுட வைத்து, கறியின் மேல் ஊற்றி, மூடியை வைத்துவிட்டுக் கிளம்பு. தேங்காய்ப்பாலும் தயிரும் வீடு வந்த பிறகு கடைசியில் சேர். முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. ராஜ்மாவைப் பச்சையாக இதில் ஒருபோதும் போடாதே. மாப்பிள்ளைக்கு ராஜ்மா பிடிக்கும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற புரத வகையைச் சேர்ந்த நச்சு ஒன்று இருக்கிறது. நான்கைந்து பச்சைக் கொட்டைகள் போதும், சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்கு கொதித்தால் அது அழிந்துவிடும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாமல் போகலாம். 80 டிகிரி அளவில் அரைவேக்காடாக வைத்தால் பச்சையாக இருப்பதைவிடவும் நச்சு பல மடங்கு ஏறக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊற வை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடு. புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க விடு. 10 நிமிடம் போதும் என்று பிரிட்டனில் சொல்கிறார்கள், அரை மணி நேரம் என்கிறது அமெரிக்கா. நீ அரை மணி நேரமே வை. அல்லது பிரஷர் குக்கரில் வேகவைத்துவிடு, அதுதான் எனக்கு நிம்மதி. டின்னில் அடைத்து வருவது ஏற்கெனவே வெந்தது, அதற்குப் பயமில்லை.

உறைந்த கறியையும் அப்படியே போடாதே. பானை சூடேறுவதே மெதுவாகத்தான். அதில் ஐஸ் கட்டியாகக் கறி கிடந்தால் கிருமி பெருகும் சூட்டிலேயே மணிக்கணக்கில் நிற்கும். இதை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் அலுப்பில் மறந்துவிடுவாய். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்று. பானை பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிறைந்திருக்கட்டும். மூடியை அடிக்கடி திறந்து பார்க்காதே. ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப அரை மணி நேரம் ஆகலாம். மாப்பிள்ளைக்கும் சொல்லிவை, விடுமுறை நாளில் அவர்தான் திறந்து திறந்து முகர்வார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இருவருக்கும் மூன்றரை லிட்டர் போதும். அது ஏறக்குறைய 200 வாட். 8 மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்டைத் தாண்டாது. அங்கே யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 40 பென்ஸ். ஓவனில் மணிக்கணக்கில் கறி வேகவைப்பதோடு ஒப்பிட்டால் மிச்சம்தான். பிரஷர் குக்கரோடு ஒப்பிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. சிக்கனம் என்று யாராவது சொன்னால் எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று கேள்.

சாதாரணமானது 20, 30 பவுண்டுக்குள் கிடைக்கிறது. நீ அதை வாங்காதே. கொஞ்சம் கூடப் போனாலும் நேரம் முடிந்ததும் தானே வார்ம் நிலைக்கு மாறும் டைமர் வைத்தது வாங்கு. உன் 12 மணி நேரத்துக்கு அது இல்லாமல் முடியாது. 8 மணி நேரம் வெந்து, மிச்ச நேரம் சூடாக மட்டும் இருக்கட்டும். தாமதமாகத் தொடங்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. கறியைப் பச்சையாகப் பானையில் கிடத்தி அதைப் பயன்படுத்தாதே.

எனக்கும் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டாய். மனம் நிறைந்துவிட்டது, ஆனால் வேண்டாம் கண்ணு. திண்டுக்கல்லில் வெயில் காலத்தில் எப்போது மின்சாரம் போகும் என்று சொல்ல முடியாது. வேகிற பாதியில் நின்று, இந்தச் சூட்டில் கறி அரைவேக்காடாகக் கிடந்தால் மொத்தமும் கொட்டத்தான் வேண்டும். நானும் உன் அப்பாவும் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறோம். அடுப்படியில் நின்று கிளறிக் கொடுக்க எனக்கு நேரம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. அந்தப் பணத்தில் உனக்கு நல்ல டைமர் உள்ளதாக வாங்கிக்கொள்.

முதல் வாரம் வேலை நாளில் சோதித்துப் பார்க்காதே. விடுமுறை நாளில் வீட்டில் இருக்கும்போது சப்பைக்கறி அரைக் கிலோ வாங்கி வை. ஹலால் கறிக்கடையில் எலும்போடு பெரிய துண்டாக வெட்டித் தரச் சொல், சின்னதாக இருந்தால் கரைந்துவிடும். மிளகு, சீரகம், சோம்பு வறுத்து அரைத்த தூளை அப்பா போன வாரம் பார்சலில் போட்டிருக்கிறார். அரைக் கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி போதும், உப்பைக் கடைசியில் பார்த்துப் போடு. எத்தனை மணி நேரத்தில் பதம் வந்தது என்று எழுது. உன் குக்கரின் வேகம் தெரிந்தால் மற்றவற்றுக்கு நான் நேரம் கணக்கிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா