பூவன் பழத்துக்கு ரஸ்தாளி விலை போடும் எடை மெஷின் குறித்த புகார்

அனுப்புநர்:
மயிலாப்பூர் கிளையின் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, தொலைபேசி எண் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: கேமரா தவறாக அடையாளம் கண்ட பொருளுக்குக் கூடுதல் விலை வாங்கியதும், தவறைத் திருத்த மறுத்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் மயிலாப்பூர் கிளையின் காய்கறி, பழப் பிரிவில், பொருளைக் கேமராவால் அடையாளம் கண்டு விலை ஸ்டிக்கர் அச்சிடும் எடை மெஷின்களை அண்மையில் வைத்திருக்கிறீர்கள். கடந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த பூவன் பழத்தை அந்த மெஷின் ரஸ்தாளி என்று பதிவு செய்தது. 1.450 கிலோ எடையுள்ள அந்தச் சீப்புக்கு, தட்டில் எழுதி வைத்திருந்த கிலோ 60 ரூபாய் விலைப்படி 87 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். ரஸ்தாளிக்கு உரிய 95 ரூபாய் வீதத்தில் 137 ரூபாய் 75 காசு என்று ஸ்டிக்கர் வந்தது. எடை போட்ட ஊழியரிடம் காட்டியதும், அது பூவன்தான் என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் பெயரை மாற்றும் வசதி தம்மிடம் இல்லை என்றும், கிளை மேலாளரின் கடவுச்சொல் வேண்டும் என்றும் கூறினார். மேலாளரோ, மெஷின் போட்டதை மாற்றினால் தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லி மறுத்துவிட்டார். பூஜைக்குப் பழம் தேவைப்பட்டதால் அந்த விலையைக் கொடுத்தே வாங்கி வந்தேன்.

மெஷின் தவறு செய்தது என்பதல்ல என் புகார். நம் ஊர் வாழை வகைகளைப் பிரித்தறிவது கேமராவுக்கு எளிய வேலையன்று. பூவன் பழத்தின் நுனியில் காய்ந்த பூவின் எச்சம் ஒட்டியிருக்கும், கற்பூரவள்ளியின் தோலில் சாம்பல் பூத்திருக்கும், ரஸ்தாளியின் தோல் மெல்லியதாக இருக்கும் என்பன போன்ற அடையாளங்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர் அறிவார். மேலிருந்து, அதுவும் விளக்கொளியில் பளபளக்கும் பிளாஸ்டிக் கவர் வழியாகப் பார்க்கும் கேமராவுக்கு இவற்றில் பாதி தெரியாது. காலையில் செங்காயாக இருந்த சீப்பு மறுநாள் கரும்புள்ளி விழுந்து வேறொரு பழம்போல் தோன்றும். கீரைக் கட்டுகளின் நிலையும் இதுவே. சிறுகீரையையும் முளைக்கீரையையும் அந்த மெஷின் ஒரே பெயரில் அச்சிட்டதை நானே பார்த்திருக்கிறேன். (அவை இரண்டுக்கும் ஒரே விலை என்பதால் அன்று யாரும் கேட்கவில்லை.)

இவ்வகைக் கணினிப் பார்வை மென்பொருள், தனக்குப் பயிற்சியளிக்கப்பட்ட படங்களோடு ஒப்பிட்டு, தெரிந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் கிடைத்தாலும், அவற்றில் சற்றே கூடிய ஒன்றை விடையாக எடுத்துக்கொள்ள அதனால் முடியும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று முடிவு செய்வது மென்பொருள் அல்ல, அதை அமைப்பவர்கள். ஐபிஎம் ஆய்வாளர்கள் 1996இல் அறிமுகப்படுத்திய, காய்கறிகளை அடையாளம் காணும் வெஜிவிஷன் என்ற அமைப்பே, ஐயம் எழுந்தால் சில பெயர்களைத் திரையில் காட்டி, இறுதித் தேர்வை மனிதரிடம் விட்டது. அப்படித் தேர்வு செய்யும் வசதியைத்தான் தங்கள் கிளையில் மூடி வைத்திருக்கிறீர்கள்.

தங்கள் தராசின் பக்கவாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009இன்படி ஆண்டுதோறும் சரிபார்த்து இடப்படும் அந்த முத்திரை, 1.450 கிலோ என்று தராசு காட்டுவது சரி என்பதற்கு மட்டுமே சான்று. நான் கொடுக்கும் தொகையோ எடையையும் கிலோ விலையையும் பெருக்கி வருவது. முன்பு அந்த விலையை, பழத்தைப் பார்த்து எண்ணை அழுத்திய ஊழியர் தேர்ந்தெடுத்தார். தவறினால் அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ள முடிந்தது. இப்போது யாரும் சரிபார்க்காத ஒரு கேமரா அதைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே, எடை சரியாக இருந்தும் பணம் தவறாகப் போகிறது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். தாமே பில் போட்டுக்கொள்ளும் கவுண்ட்டரில், ஒரு பொருள் ஸ்கேன் ஆகவில்லை என்று மேலுள்ள கேமரா சந்தேகப்பட்டால், சிவப்பு விளக்கு எரிந்த மறுகணமே ஓர் ஊழியர் வந்து பையைப் பார்க்கிறார். அதாவது, கேமரா தவறாகச் சொல்லக்கூடும் என்பதும், மனிதர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்பதும் தங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. கடைக்கு நட்டம் வரக்கூடிய இடத்தில் காட்டும் இந்த எச்சரிக்கையை, வாடிக்கையாளருக்கு நட்டம் வரும் இடத்தில் ஏன் காட்டவில்லை என்பதற்கு விளக்கம் வேண்டுகிறேன்.

வாசலில் வைத்திருக்கும் விளம்பரப் பலகையில், இது உலகத்தரமான தொழில்நுட்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2018இல் சியாட்டிலில் கல்லாவே இல்லாத கடையைப் பொதுமக்களுக்குத் திறந்த அமேசான் நிறுவனம்கூட, கணினியால் உறுதி செய்ய முடியாத பில்களைத் தன் ஊழியர்கள் பார்த்துச் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவிலுள்ள தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து கல்லா இல்லாத அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொள்வதாக 2024இல் அறிவித்தும் விட்டது. அவர்களிடம் இருந்த அந்தச் சரிபார்ப்புகூடத் தங்கள் கிளையில் இல்லை.

ஆகவே, என்னிடம் கூடுதலாக வாங்கிய 50 ரூபாய் 75 காசைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைவிட முக்கியமாக, ஸ்டிக்கர் அச்சாகும் முன் பொருளின் பெயரும் கிலோ விலையும் தமிழில் திரையில் தெரியவும், ஐயமிருந்தால் மூன்று நான்கு பெயர்களைக் காட்டவும், எடை போடும் ஊழியரே விளக்கம் எழுதாமல் திருத்தவும் வழி செய்ய வேண்டும். ஸ்டிக்கரில் இப்போது ஆங்கிலம் மட்டுமே இருப்பதால், அதைப் படிக்க இயலாத முதியோர் எத்தனையோ பேர் வித்தியாசம் தெரியாமலே பணம் கட்டியிருப்பார்கள். மெஷின் எடுக்கும் படங்களைத் தாங்கள் சேமித்து வைப்பதாயின், வாழை வகைகளுக்கான பதிவுகளை மறுபடி சரிபார்த்து, தொலைபேசி எண்ணுடன் பில் போட்டவர்களுக்காவது கூடுதல் தொகையைத் தாங்களாகவே திருப்பித் தர வேண்டும்.

கடையில் காட்சிக்கு வைத்த விலைப்பட்டியலைவிடக் கூடுதலாக வாங்கினால் புகார் செய்யும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழங்குகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தொடர்ந்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். தராசைப் பற்றிய புகாரன்று என்பதால் தொழிலாளர் துறைக்கு நகல் மட்டும் அனுப்பியுள்ளேன்.

பில், ஸ்டிக்கர், தட்டில் இருந்த விலைப்பலகை, பழச்சீப்பு ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். சீப்பின் படத்தில் நுனிகள் தெளிவாகத் தெரியும்படி எடுத்திருக்கிறேன்; தங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு அது பயன்படலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்