‘மெதுவாக நடக்கவும்’ என்று மட்டும் எழுதித் தராதீர்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் பக்கவாத மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்றுள்ள மருத்துவ அதிகாரிகளுக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்து எட்டு மாதங்களான என் அப்பாவைச் சென்ற செவ்வாய்க்கிழமை பாம்பனிலிருந்து பேருந்தில் அழைத்து வந்தேன். நிறுத்தத்திலிருந்து ஊன்றுகோலோடு அவர் நடந்துவந்த தூரத்தில் கால் பங்குகூடப் பயிற்சிக் கூடத்துக்குள் நடக்கவில்லை. கம்பிகளைப் பிடித்து இருமுறை போய்வந்ததும் உட்காரச் சொன்னார்கள். நாடியை யாரும் பார்க்கவில்லை. சீட்டில் வழக்கம்போல ‘மெதுவாக நடக்கவும், களைப்படைய வேண்டாம்’ என்று எழுதித் தந்தார்கள்.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் செய்திருப்பதை நீங்கள் அறிய வேண்டும். வள்ளத்தைக் கரையேற்றத் தோள்கொடுத்தவர், இன்று மூச்சு சற்றே வாங்கினாலும் மறுபடி வாதம் வந்துவிடுமோ என்று அஞ்சி, கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின்மேல் உட்கார்ந்துவிடுகிறார். ‘இன்னும் கொஞ்சம் நடங்கப்பா’ என்றால், சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுகிறார்.

பக்கவாதம் வந்து 6 மாதங்கள் கடந்த, நடக்கக்கூடியவர்களின் நடைவேகமும் தூரமும் அதிகரிக்க, இதயத்துடிப்பு இருப்பில் (அதாவது உச்சத் துடிப்புக்கும் ஓய்வுநிலைத் துடிப்புக்கும் உள்ள இடைவெளியில்) 60 முதல் 80 சதவீதம் எட்டும் அளவுக்கு நடைப்பயிற்சி தர வேண்டும் என்று அமெரிக்க நரம்பியல் இயன்முறை மருத்துவர்களின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுவதை நீங்கள் அறிவீர்கள். அப்பாவுக்கு வயது 58, ஓய்வுநிலைத் துடிப்பு 70. 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் காணும் வழக்கமான கணக்கின்படி, அவர் எட்ட வேண்டிய துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 முதல் 144 வரை வருகிறது. ஆனால் அவர் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிடுவதால் இந்தக் கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் நானாக அவரை விரட்டி நடக்கவைக்கத் துணியாமல் உங்களிடம் கேட்கிறேன்: இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்து, அவர் எட்ட வேண்டிய துடிப்பின் அளவைச் சீட்டில் எழுதித் தாருங்கள்.

நோயாளி விழுந்துவிடக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். விழாமல் பிடித்துக்கொள்ள இடுப்புப் பட்டையும் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். அதற்காக நடையையே குறைத்துவிடுவது எப்படிச் சிகிச்சையாகும்? ஒரு நாள் பிழைப்பை விட்டு, இரண்டு மணி நேரம் வரிசையில் காத்திருந்து வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்க முடியாது என்றால், கடலோர ஊர்களில் முடங்கிக் கிடப்பவர்கள் யாரிடம் போவார்கள்? ஆள் பற்றாக்குறை என்ற பதிலை எத்தனை ஆண்டுகள் கேட்பது?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த செவ்வாயன்று மறுபடி வருகிறோம். அன்றாவது நடக்கும்போது அப்பாவின் நாடியைப் பார்த்து, எவ்வளவு மூச்சு வாங்கலாம் என்பதை அவரிடமே சொல்லி, அந்த அளவைச் சீட்டில் எழுதித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பாம்பனிலிருந்து ஒரு மகள்