வாளிக்குள் இருக்கும் சாரைக்குத் தீனி வேண்டாம்

குழு உறவுகளே, கல்லடியில் வெள்ளத்தோடு வளவுக்குள் வந்த சாரையை மூடி போட்ட வாளிக்குள் வைத்திருக்கும் தம்பி, "பால் வைக்கட்டா?" என்று கேட்டிருந்தார்.

வேண்டாம் தம்பி. புற்றுக்குப் பால் ஊற்றுவது நம்பிக்கை. பாம்பின் வயிற்றுக்குப் பால் சேராது. எலி, தவளையும் பிடித்துப் போடாதீர்கள். வளர்ந்த பாம்பு வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். பயந்து போனது பெரும்பாலும் தின்னாது, தின்றாலும் வாளியைத் தூக்கி அசைத்தால் கக்கிவிடும். மூடியில் சின்னத் துளைகள், மேலே ஒரு கல், நிழல், அவ்வளவும் போதும்.

இலங்கை வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவியுங்கள். நீங்கள் போட்ட படத்தில் சாரை மாதிரித்தான் தெரியுது, ஆனாலும் நாகத்தைச் சாரை என்று நினைத்தவர்கள் உண்டு. மூடியைத் திறந்து கையை விடாதீர்கள். யாரையும் கடித்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.