நாஷ்வில்லிலிருந்து சித்தப்பாவுக்கு

நாஷ்வில், டென்னசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். சித்தியின் முட்டுவலிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, வழக்கம்போல் தைலத்தோடு நிறுத்திவிட்டீர்களா? பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். அதைக் கடை வாடகைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது சித்திக்காக அனுப்பியது.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, தறிக்கு முன்னால் நெசவாளி உட்கார்ந்திருப்பதைப் போல அந்தப் பெரியவர் எதன் முன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிகள் எதற்கு, அதில் ஒன்று உங்களுக்கு ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும். அதனால்தான் கடிதம்.

அதன் பெயர் பெடல் ஸ்டீல் கிடார், உங்கள் ஹவாயன் கிடாரின் வழிவந்ததுதான். ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற பையன் மடியில் கிடாரைப் படுக்க வைத்து இரும்புத் துண்டால் தந்தியை வழுக்கி வாசித்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அமெரிக்காக்காரர்கள் அதற்கு மின்சாரம் கொடுத்தார்கள், நாலு கால் வைத்தார்கள், பிறகு அடியில் பெடல்களையும் முழங்கால் நெம்புகோல்களையும் கம்பிகளால் இணைத்தார்கள். 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து சுருதியை ஏற்றினார். அதைக் கேட்டபின் ஊரிலுள்ள ஸ்டீல் கிடார்க்காரர்கள் எல்லோரும் பெடல் வைக்க ஓடினார்கள். பெரியவருடைய வாத்தியத்தில் பத்துத் தந்திகள். முதல் இரண்டு பெடல்களைச் சேர்த்து மிதித்தால், பாரை, அதாவது தந்திமேல் வழுக்கும் அந்த இரும்புத் துண்டை, அசைக்காமலே ‘ஈ’ கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ‘ஏ’ கார்டாக மாறிவிடும். நீங்கள் பாரைச் சாய்த்துப் பிடித்துப் படும் பாட்டை இவர் இடது காலால் முடித்துவிடுகிறார்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இடது கால் பெடல்களில், வலது கால் வால்யூம் பெடலில், இரண்டு முழங்கால்களும் நெம்புகோல்களில், இடது கையில் பார், வலது கை விரல்களில் மாட்டிய உலோக நகங்கள். நீங்கள் கேட்ட சின்னப் பெட்டிகள் கிடாரின் நாதத்தை மாற்றுபவை. சாதாரண கிடார்க்காரர் எழுந்து நின்று, வேண்டிய பெட்டியை வேண்டிய நேரத்தில் மிதிக்கிறார். இவருக்கு மிதிக்க ஒரு காலும் மிச்சமில்லை. எனவே இவருக்குப் பெட்டி தேர்ந்தெடுப்பது என்றால், பாட்டு முழுக்கத் தொடாமலே விடக்கூடியது எது என்று பார்ப்பதுதான்.

வார நாட்களில் நான் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பெஞ்சில் இருக்கிறேன். உங்கள் கடையில் கற்ற சால்டரிங்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது. வாரக் கடைசியில் பெரியவருக்கு எடுபிடி. பிராட்வே என்று ஒரு தெரு. அதில் காலை பத்து மணியிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை ஒவ்வொரு மதுக்கடையிலும் ஒரு பாண்டு வாசித்துக்கொண்டிருக்கும். உள்ளே போகப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. ஒரு வாளியைக் கூட்டத்துக்குள் அனுப்புவார்கள், அதில் விழுவதுதான் பெரும்பங்கு வருமானம். நம் ஊர் மெல்லிசைக் குழுக்காரர்கள் முன்பணம் வாங்காமல் மேடையேறமாட்டார்கள் என்று சொன்னேன், பெரியவர் பொறாமைப்பட்டார். அந்தத் தெருவை ஒட்டியே 1892-இல் கட்டிய ரைமன் அரங்கம் இருக்கிறது. பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது, உட்காருவதற்கு இன்னமும் தேவாலயத்து மரப் பெஞ்சுகள்தான். ஞாயிற்றுக்கிழமை கணேசர் கோயிலுக்குப் போனால் புளியோதரை கிடைக்கிறது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் திங்கள்கிழமையும் ஒப்பேற்றுகிறேன்.

பெரியவருக்கு வெளியூர்க் கச்சேரிகளும் உண்டு. டெக்ஸஸ், ஓக்லஹோமா என்று விமானத்தில் போகவேண்டும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்ற அந்த எடைக் கணக்கு, ஊறுகாயும் மாவும் கட்டிக்கொண்டு வந்த எனக்குப் பழக்கம்தான். கிடாரும் அதன் உறையும் அதை விழுங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரைக் கச்சேரி நடத்துகிறவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுத்து வைப்பார்கள். இன்று ஒன்று, நாளை வேறொன்று. ஒன்றில் ரிவர்ப் (பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற கார்வை) இருக்கும், ஒன்றில் இருக்காது, இன்னொன்றில் இருந்தும் வேலை செய்யாது. பெரியவரின் நாதம் ஊர் ஊராக மாறாமலிருக்க வேண்டுமானால் அவர் கைப்பைக்குள் அடங்கும் பெட்டிகளில்தான் அது இருக்கவேண்டும். அதைக் கட்டித்தரச் சொன்னார்.

முதலில் ஒரு பஃபர், சிக்னல் வழியில் தேயாமல் காக்கும் குட்டி சர்க்யூட். இது உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இந்த வாத்தியத்தில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் கம்பிச் சுற்று மிக அதிகம், மீட்டர் வைத்தால் 18 கிலோ ஓம் பக்கம் காட்டும். அதை நேரே 500 கிலோ ஓம் பாட் (வால்யூம் கன்ட்ரோல்) உள்ள வால்யூம் பெடலுக்குள்ளும் அதற்குப் பின் நீளமான கேபிளுக்குள்ளும் அனுப்பினால், கேபிளின் கெபாசிட்டன்ஸே மேல் ஸ்தாயியைத் தின்றுவிடும். தீப்பெட்டியளவு பஃபரைக் கிடாரின் காலிலேயே கட்டிவிட்டேன். இதில் மட்டும் யாரோடும் வாதம் செய்யமாட்டேன். மற்றதெல்லாம் ருசி.

வால்யூம் பெடலுக்குப் பின்னால் எக்கோ, அதற்குப் பின்னால் ரிவர்ப். வரிசை முக்கியம். இவர்கள் தந்தியை மீட்டியபின்தான் வால்யூமை மெல்லத் திறப்பார்கள், நாதம் ஊறி வருவது போலிருக்கும். எக்கோ பின்னால் இருந்தால், அவர் காலால் வால்யூமை மூடிய பிறகும் எக்கோவின் வால் ஓய்ந்து ஓய்ந்து அடங்கும். முன்னால் வைத்தால் கால் மூடியதும் எக்கோவும் கழுத்து நெரிபட்டுச் செத்துவிடும்.

ரிவர்ப்புக்கு ‘ஹால் ஆஃப் ஃபேம் மினி’ என்ற பெட்டி. ஐந்து சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை, மேலே ஒரே குமிழ். ஒரு வேடிக்கை கேளுங்கள். வேறு வகை ரிவர்ப் வேண்டுமென்றால் கைபேசியின் ஸ்பீக்கரைக் கிடாரின் பிக்கப்மேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கீச்சென்று ஒரு சத்தம் வரும், பிக்கப் வழியாகவே புதிய அமைப்பு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். பெரியவர் என்னை மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

எக்கோவுக்கும் மினி பெட்டிதான் என்று நினைத்திருந்தேன். பெரியவர் வலது கையில் உலோக நகங்களை மாட்டியபடி அதன் குமிழைத் திருகப் பார்த்தார். மிளகளவு குமிழ், நகம் வழுக்கிக்கொண்டு போனது. அத்தோடு அதை எடுத்துவிட்டேன். அங்கே 1986-இல் வந்த பாஸ் கம்பெனியின் டிடி-3 ரக எக்கோ பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அகலம் 73 மில்லிமீட்டர், குமிழ்கள் பிடிக்கும்படி பெரியவை, மெனு என்ற தலைவலி இல்லை, கரண்ட் போனால் 9 வோல்ட் பாட்டரியிலும் ஓடும். எல்லாம் ஒரே பெட்டியில் வரும் மல்ட்டி எஃபெக்ட்ஸ் வாங்கலாமே என்று பெஞ்சில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே, இருட்டில், எழுபது வயதுக் கண்ணால் திரையில் எழுத்தைத் தேடச் சொல்வது பாவம். ‘ஸ்ட்ரைமன் ஃப்ளிண்ட்’ என்ற ஒன்றில் ரிவர்ப்பும், ஒலியளவை அலையலையாக ஏற்றி இறக்கும் டிரெமலோவும் சேர்ந்தே வரும், கேட்க அவ்வளவு அழகு. ஆனால் அது 250, 300 மில்லி ஆம்பியர் கேட்கிறது. எங்கள் குட்டி பவர் சப்ளை அதைத் தாங்காது, அதனால் அது வீட்டில் இருக்கிறது.

டியூனர் ஒன்று உண்டு. ஸ்டீல் கிடாருக்கென்றே சுருதி அமைத்தது. கார்டில் காந்தாரம் இனிமையாக இருக்க பியானோவின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்க வேண்டும். ஹார்மோனியத்தோடு பாடினால் காந்தாரம் உறுத்துகிறது என்று நீங்கள் சண்டை போடுவீர்களே, அதே விவகாரத்தை இங்கே இயந்திரத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரு அலுமினியத் தகட்டில் பொருத்தி, கிடாரின் இடது முன்காலில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். பாரைக் கீழே வைத்தால் கை எட்டும் தூரம். பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வெளியீடு. ஒரே வயரில் எல்லாவற்றையும் கோத்தால் டிஜிட்டல் பெட்டி மற்றவற்றுக்குள் விசிலடிக்கும்.

இனி உங்கள் விஷயம். உங்களுக்கு எக்கோ வேண்டாம். நம் மைக் செட்காரர் கேட்காமலே எல்லாவற்றுக்கும் எக்கோ போடுவார். அதற்குமேல் நீங்களும் போட்டால் சரணம் எது, பல்லவி எது என்று தெரியாது. ரிவர்ப் ஒன்று போதும், அதையும் அவரிடம் “கிடார் லைனில் எக்கோவை மூடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். டிசம்பரில் இங்கிருந்து ஒருவர் திருவனந்தபுரம் வருகிறார், அவரிடம் மினி ரிவர்ப்பைக் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் பாட்டரி போட முடியாது. அதற்காகக் கடையில் கிடக்கும் பாட்டரி எலிமினேட்டரை மாட்டிவிடாதீர்கள். இந்தப் பெட்டிகளுக்கு நடு முனை மைனஸ், நம்மிடம் இருப்பவற்றில் பல நடுவில் பிளஸ். போதாக்குறைக்கு 9 என்று எழுதியிருக்கும், சுமை இல்லாமல் அளந்தால் 13 காட்டும். நான் அனுப்பும் அடாப்டர் 230 வோல்ட்டுக்கும் சரி.

பஃபர் வேண்டுமா என்பது உங்கள் பிக்கப்பைப் பொறுத்தது. கிடாரின் ஜாக்கில் வால்யூமை முழுதாகத் திறந்து வைத்து மீட்டரில் எத்தனை கிலோ ஓம் என்று அளந்து எழுதுங்கள். மேடையில் எத்தனை அடி கேபிள் இழுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பத்து கிலோ ஓமுக்குக் கீழே இருந்து கேபிளும் குட்டையாக இருந்தால் அந்தச் செலவு வேண்டாம்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகன்,
செல்வம்