முதல் வரிக்கு மட்டும் உன் மைக்

அன்புள்ள டேவிட்டுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பாடல் நடத்தும் பொறுப்பு உன் தலையில் வந்து விழுந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். “கொயர் (பாடகர் குழு) பாடுகிறது, சபை வேடிக்கை பார்க்கிறது” என்று எழுதியிருக்கிறாய். ஜனங்களுக்கு ஆர்வமில்லை என்று அதற்குள் முடிவுகட்டிவிடாதே. பாதி நேரம் சுருதிதான் குற்றவாளி.

பாட்டை எந்தச் சுருதியில் எடுக்கிறீர்கள் என்று முதலில் பார். ரெக்கார்டிங்கில் கேட்ட சுருதி அந்தப் பாடகரின் அளவுக்குத் தைத்த சட்டை, சபைக்குப் பொருந்தாது. பயிற்சியில்லாத குரல்கள் சேர்ந்து சிரமமின்றிப் பாடும் எல்லை, கீபோர்டில் நடு ‘சி’க்குக் கீழே இருக்கும் ‘ஏ’ அல்லது ‘பி ஃபிளாட்’டில் தொடங்கி மேல் ‘சி’, ‘டி’ வரைக்கும்தான். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். மேல் ‘டி’ எப்போதாவது வந்துபோகலாம். ஒரு வரி முழுக்க அங்கேயே நிற்க வைத்தால் பின்வரிசை ஆண்கள் முதலில் கழன்றுகொள்வார்கள். ஒரே ஸ்வரத்தில் முனகுகிறவரைப் பார்த்து ‘சுருதி ஞானம் இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம். பல சமயம் அவருக்குப் பாட்டு எட்டவில்லை. கீழ் ஸ்தாயிக்கு இறங்கிக்கொள்ளவும் தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு அரைச்சுரம் (அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான தூரம்) இறக்கிவிட்டு அவர் வாயைக் கவனி. அதிகாலை ஆராதனை என்றால் இன்னும் ஓர் அரைச்சுரம் இறக்கலாம், தூங்கி எழுந்த தொண்டை அல்லவா. அதற்கும் கீழே போனால் பெண்களின் குரல் வெறும் காற்றாகிவிடும்.

அடுத்தது மைக். பாடுகிறவனுக்குத் தன் குரல் கொஞ்சம் கேட்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரின் குரலும் கேட்க வேண்டும். ஸ்பீக்கர் இரண்டையும் விழுங்கிவிட்டால், பாடினாலும் பாடாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றிவிடும். வாய் தானாக மூடிக்கொள்ளும். முதல் வரியை நீ எடுத்துக் கொடு, பிறகு மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போய்விடு. நன்றாகத் தெரிந்த பாட்டில், மூன்றாம் சரணத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திப் பார். ஓரிரு வரிக்குத் தடுமாற்றம் இருக்கும், அதில் பயந்து மறுபடி கீபோர்டைத் தொட்டுவிடக் கூடாது. தங்கள் சத்தம் தங்களுக்கே கேட்டதும் குரல் ஏறும். நீ தேடுகிற மகிழ்ச்சி அந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரிய ஆலயத்தில் நாற்பது பேர் சிதறி உட்கார்ந்திருந்தால் இது நடக்காது. முன்னால் ஆறேழு வரிசைக்குள் நெருக்கமாக உட்காரச் சொல்.

முன்னிசையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடைசி வரியை, பாடப்போகிற அதே வேகத்தில் வாசித்தால் போதும். மெதுவாக வாசித்துவிட்டு வேகமாக எடுத்தால் சபைக்கு முதல் சொல்லே போய்விடும். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே எத்தனை தாளத்தட்டு என்று முடிவு செய்துகொண்டு, கடைசிவரை அதையே காப்பாற்றுங்கள். மூச்சு வாங்க வேண்டிய அந்த இடத்தை கீபோர்டுக்காரர் சங்கதிகளால், அதாவது அலங்கார வாசிப்பால், நிரப்பினால், எங்கே நுழைவது என்று யாருக்கும் தெரியாது.

பாட்டு இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் நீளமுள்ள ஆலயத்தில் முன்னாலிருந்து பின்வரிசைக்குப் போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு. அங்கே பாடியது திரும்பி வர இன்னொரு பங்கு. அந்தக் குரலுக்காக கீபோர்டு காத்திருக்க, கீபோர்டுக்காக அவர்கள் காத்திருக்க, நாலாம் சரணத்தில் துதிப்பாட்டு இழவுப்பாட்டாகிவிடும். சத்தத்தைக் கூட்டினால் தீராது. ஒவ்வொரு தட்டையும் இழுக்காமல் சற்றே வெட்டி வாசிக்கச் சொல், காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடு.

புதுப் பாட்டு மாதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் கொயர் மட்டும் பாடட்டும். அடுத்த மூன்று வாரம் சபையோடு. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் நீ ஒரு வரி பாடு, அவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாடட்டும். இது பழைய வழிதான்: வாசிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்த காலத்தில், 1645இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஏற்ற ஆராதனை ஒழுங்கே சங்கீதத்தை வரிவரியாக வாசித்துக் கொடுக்கச் சொல்கிறது. அதைவிடவும் பழையது 136ஆம் சங்கீதம். 26 வசனம், ஒவ்வொன்றும் முடிவது ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று. முன்பாதியை நீ பாடு, பின்பாதி சபைக்கு. மூன்றாவது வசனத்துக்குள் சிறுபிள்ளைகள்கூடச் சேர்ந்துகொள்வார்கள்.

திரையில் வரிகள் போடுகிறவரிடம் ஒன்று சொல்லிவை: அடுத்த பக்கத்தைக் கடைசி இரண்டு சொல் மிச்சமிருக்கும்போதே மாற்ற வேண்டும். பாடி முடித்த பிறகு மாற்றினால் மூச்சு வாங்கும் நேரம் தேடுவதிலேயே போய்விடும். மொழிபெயர்த்த பாட்டு எடுத்தால் குறில் எதுவும் நீண்ட ஸ்வரத்தில் விழுகிறதா என்று முன்கூட்டியே பாடிப் பார்த்துவிடு. ‘உம் கரம்’ இழுபட்டு ‘உம் காரம்’ ஆகி, வாலிபர் வரிசை குலுங்கிச் சிரித்தால் அது அவர்கள் தப்பில்லை.

“சேர்ந்து பாடுவதில் அப்படி என்ன இருக்கிறது, நன்றாகப் பாடுகிறவர்களே பாடட்டுமே” என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராமே. நாலாம் நூற்றாண்டிலேயே லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் சபையில் பாடக்கூடாது என்று விதி எழுதியது! ஆனால் பவுல் கொலோசெயர் 3:16இல் சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஒருவருக்கொருவர் போதிக்கச் சொல்கிறார். அதைக் கொயரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகட்டி நிற்க முடியாது. பக்கத்தில் துக்கத்தோடு நிற்கிறவருக்கு அன்று பாட வாய் வராமல் போகலாம். அந்த வரியை அவருக்கும் சேர்த்து நீ பாடுகிறாய். உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. நீண்ட வரியைப் பாடும்போது வெளிமூச்சு நீள்கிறது, அப்போது இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது. நூறு பேர் ஒரே இடத்தில் மூச்செடுத்து ஒரே இடத்தில் விடுகிறார்கள், யாரும் ஏற்பாடு செய்யாமலே.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761இல் பாடுகிறவர்களுக்கு ஏழு குறிப்பு எழுதினார். தைரியமாகப் பாடு என்று ஒன்று. கத்தாதே, மற்றவர் குரலை அமுக்கிவிடாதே என்று அடுத்தது. இரண்டையும் பெரிதாக எழுதிக் கொயர் அறையில் ஒட்டு, முதல் வரிசை டெனர்களின் (உச்சக் குரல் ஆண்களின்) கண்ணில் படுகிற மாதிரி.

அடுத்த மாதத்துப் பாட்டுப் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எடுக்கிற சுருதியோடு எழுதி அனுப்பு. எங்கே இறக்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
எட்வின்